நடுவில் சாக்லேட் பூரணம்: வீட்டிலேயே குக்கி பார் சுடுவது எப்படி

போளி தட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பலகாரம் பாதி தெரிந்த மாதிரிதான். மேல் மாவும் உள்ளே வைக்கும் பூரணமும் கிட்டத்தட்ட ஒரே பதத்தில் இருக்க வேண்டும் என்பது போளியில் முதலில் சொல்லித் தருவது. பூரணம் இறுகிவிட்டால் மாவு கிழியும், தளர்ந்துவிட்டால் பூரணம் பிதுங்கும். சாக்லேட் பூரணம் வைத்த குக்கி பாருக்கும் அதே விதிதான். அளவையெல்லாம் கிராம் தவறாமல் எடுத்துவிட்டு, பூரணத்தைச் சூட்டோடு ஊற்றிக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய பேர். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். மேல் மாவு சாக்லேட்டுக்குள் இறங்கிப் போய், அடியும் மேலும் ஒன்றாகி, ஓரம் முழுக்கக் கருகின ஒரு தட்டு வந்தது. அந்தத் தட்டில் ஆரம்பித்து இன்று வரை நான் தெரிந்துகொண்டதை, இதற்கு முன் ‘அவன்’ என்கிற பேக்கிங் அடுப்பையே தொடாதவர்களுக்குப் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாக்லேட் சிப் குக்கிக்குப் பிசையும் அதே மாவைச் சதுரத் தட்டில் அடியில் ஒரு அடுக்கு பரப்பி, நடுவில் கெட்டியான சாக்லேட் பூரணம் வைத்து, மேலே இன்னொரு அடுக்கு மாவை மூடிச் சுட்டு, பர்பி மாதிரி வில்லை போடுவது. சாக்லேட் சிப் குக்கியை 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்ற ஊரில் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்டு பிரபலமாக்கினார். 1997-இல் அந்த மாநிலம் அதைத் தன் அதிகாரபூர்வ குக்கியாகவே அறிவித்தது. அந்த மாவைத் தனித்தனி வட்டமாக வைக்காமல் தட்டு முழுக்க அழுத்திச் சுட்டால் அது பார்.

வட்டக் குக்கியைவிடப் பாரிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஓடிஜி என்கிற சின்ன மின் அடுப்பு. அதில் ஒரு ஈடுக்கு ஆறு அல்லது எட்டு வட்டக் குக்கிதான் வைக்க முடியும். ஒரு ஈடு வெந்து வருவதற்குள் அடுத்த ஈட்டுக்கான மாவு அடுப்படிச் சூட்டில் இளகிவிடும். பாரை ஒரே தட்டில், ஒரே ஈட்டில் முடித்துவிடலாம். இன்னொன்று நம் வெயில். மேலே சாக்லேட் பூசிய எதையும் மே மாதத்தில் கையில் எடுத்தால் விரலெல்லாம் ஒட்டும். இதில் சாக்லேட் உள்ளே ஒளிந்திருப்பதால் எடுப்பதற்கும் சுத்தம், கொடுத்தனுப்புவதற்கும் வசதி.

தேவையான பொருட்கள்

8 அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்கு, அதாவது 16 வில்லைகளுக்கு, இந்த அளவு.

மாவுக்கு: மைதா 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், நாட்டுச் சர்க்கரை 150 கிராம், வெள்ளைச் சர்க்கரை 60 கிராம், முட்டை ஒன்று, அதோடு இன்னொரு முட்டையின் மஞ்சள் கரு மட்டும், வெனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், பொடியாக நறுக்கிய சாக்லேட் 60 கிராம்.

பூரணத்துக்கு: டார்க் சாக்லேட் 150 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம், வெண்ணெய் 15 கிராம், ஒரு சிட்டிகை உப்பு.

கிராம் கணக்கில் கொடுத்திருப்பதைப் பார்த்துத் தயங்க வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். பேக்கிங்கில் இறங்குபவர் முதலில் வாங்க வேண்டியது அதுதான், அச்சுகளும் கிரீம் குழல்களும் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். கப் அளவை நம்ப முடியாது. கடையில் கிடைக்கும் கப்பே 240 மி.லி. ஒன்று, 250 மி.லி. ஒன்று என்று இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் ஒரு கப் மைதா 150 கிராம் வரை போகும், கரண்டியால் மெல்ல நிரப்பினால் 125 கிராம்தான் பிடிக்கும். இரண்டு கப் மைதாவில் 50 கிராம் வித்தியாசம் வந்தால் மெத்தென்று வர வேண்டிய பார் வரட்டியாக வந்துவிடும்.

வெண்ணெய் மளிகைக் கடையில் கிடைக்கும் உப்புப் போட்டதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் மாவுக்குச் சொன்ன அரை டீஸ்பூன் உப்பையும் பூரணத்தின் சிட்டிகையையும் விட்டுவிடுங்கள். அந்த வெண்ணெயிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு உப்பு வந்துவிடும். வெண்ணெய்க்குப் பதில் நெய் ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் உண்டு, நெய்யில் கிடையாது. அதனால் அதே எடைக்கு நெய் போட்டால் எண்ணெய் கக்கிக்கொண்டு, பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று வரும். முதல் தடவை வெண்ணெயிலேயே செய்யுங்கள்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் எழுதியிருக்கும் பிரவுன் சுகரைத் தேடி அலைய வேண்டாம். அதில் இருப்பது வெல்லப்பாகின் வாசமும் ஈரமும்தான், நம் நாட்டுச் சர்க்கரையில் அது இயற்கையாகவே இருக்கிறது. அதில் இருக்கும் லேசான புளிப்புத்தன்மைதான் சமையல் சோடாவை வேலை செய்ய வைப்பது. கட்டி இல்லாமல் சலித்துக்கொள்ளுங்கள், மண்ணோ தூசோ இருந்தால் அதுவும் சல்லடையில் நின்றுவிடும். நாட்டுச் சர்க்கரையில் 50 கிராமைக் குறைத்து, அந்த இடத்தில் நன்றாகப் பொடித்துச் சலித்த கருப்பட்டித் தூளைச் சேர்த்துப் பாருங்கள். கருப்பட்டியின் புகை வாசமும் டார்க் சாக்லேட்டின் கசப்பும் அவ்வளவு நன்றாகச் சேரும். என் வீட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

சாக்லேட் வாங்கும்போது

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பலகாரத்தின் உயிரே பூரணம். பேக்கிங் பொருட்கள் விற்கும் கடைக்குப் போய் ‘டார்க் சாக்லேட் பாளம்’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது கம்பவுண்டு. கம்பவுண்டில் கோகோ தூளும் சர்க்கரையும் இருக்கும், ஆனால் கோகோ வெண்ணெய் இருக்காது. அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்திருப்பார்கள். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகும். நம் உடம்புச் சூடு 37 டிகிரி. அதனால்தான் நல்ல சாக்லேட் நாக்கில் வைத்ததும் கரைகிறது. கம்பவுண்டின் கொழுப்பு அப்படிக் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி தங்கிவிடும்.

அட்டையின் பின்பக்கம் பொருட்களின் பட்டியலைப் படியுங்கள். கோகோ வெண்ணெய் இருந்தால் அது உண்மையான சாக்லேட். ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று போட்டிருந்தால் கம்பவுண்டு. கம்பவுண்டு உருக்குவதற்குச் சுலபம், விலையும் குறைவு. அதனால் மாவுக்குள் தூவும் 60 கிராமுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். பூரணத்துக்கு மட்டும் கோகோ வெண்ணெய் உள்ள சாக்லேட்டையே வாங்குங்கள். கோகோ 55 சதவீதம் இருந்தால் போதும். கண்டென்ஸ்டு மில்க்கின் இனிப்பு சேர்வதால் கசப்பும் இனிப்பும் அதில் சரியாக நிற்கும். மில்க் சாக்லேட் வேண்டாம், திகட்டிவிடும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராகக் கோகோ போடுகிறார்கள், அங்கே விளைந்த கோகோவில் செய்த சாக்லேட்டும் இப்போது கிடைக்கிறது. கிடைத்தால் ஒரு முறை அதில் செய்து பாருங்கள், பழ வாசம் கலந்த ஒரு புளிப்பு அடியில் தெரியும்.

சாக்லேட் மேலே வெள்ளை பூத்திருந்தால் பூஞ்சை என்று தூக்கிப் போட வேண்டாம். சூட்டில் இளகி மறுபடி இறுகியதில் கொழுப்பு மேலே வந்து படிந்திருக்கும், அவ்வளவுதான். உருக்கினால் சரியாகிவிடும்.

அடுப்பையும் தட்டையும் தயார் செய்வது

ஓடிஜி வாங்கியவுடன் செய்ய வேண்டிய ஒரு வேலை, அதற்குள் வைக்கும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கி வைப்பது. திருகில் 170 என்று வைத்தால் உள்ளே 170 இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. என் அடுப்பு திருகில் வைத்ததைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடேறியது. அது தெரியும் வரைக்கும் என் கைப்பக்குவத்தையே நான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். இப்போது 150-இல் திருகி 170 வாங்குகிறேன். இன்னொரு விஷயம், ஓடிஜியை 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் செருக வேண்டும். 1500 வாட் அடுப்பு ஆறரை ஆம்பியர் இழுக்கும், சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் அதைத் தாங்காது. எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் 160 டிகிரியில் வையுங்கள். உள்ளே விசிறி சூட்டைச் சுழற்றுவதால் வேலை சீக்கிரம் முடியும். சாதாரண மைக்ரோவேவ் முறையில் மட்டும் முயற்சி செய்ய வேண்டாம், மாவு வேகும் ஆனால் சிவக்காது.

தட்டு அலுமினியமாக இருந்தால் நல்லது. கண்ணாடித் தட்டு சூடேற நேரமாகும், ஏறின சூட்டை விடவும் விடாது, அதனால் அடி வேகுவதற்குள் ஓரம் காய்ந்துவிடும். கண்ணாடிதான் இருக்கிறது என்றால் அடி அடுக்கை மட்டும் முதலில் 8 நிமிடம் சுட்டு, நன்றாக ஆறவிட்டு, அதன் மேல் பூரணம் வையுங்கள்.

தட்டுக்குள் விரிக்கும் தாளில் ஒரு எச்சரிக்கை. பட்டர் பேப்பர் என்ற பெயரில் மெழுகு பூசிய தாளையும் விற்கிறார்கள். அது சூட்டில் புகையும், பாரில் ஒட்டும். அவனில் வைக்கலாம் என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தாளைத் தட்டின் இரண்டு பக்கமும் மூன்று விரல் அளவு வெளியே நீட்டி விரித்தால், வெந்த பிறகு அந்தக் காதுகளைப் பிடித்து முழுச் சதுரத்தையும் ஒரே தூக்கில் வெளியே எடுத்துவிடலாம்.

பூரணம்

மாவுக்கு முன்னால் பூரணத்தைச் செய்துவிடுங்கள். அது ஆறுவதற்கு அரை மணி நேரமாவது வேண்டும், அந்த நேரத்தில் மாவு பிசைந்து முடித்துவிடலாம்.

ஒரு பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டுத் தீயைக் குறையுங்கள். அதன் மேல் ஒரு கிண்ணத்தை உட்கார வையுங்கள், கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. கண்டென்ஸ்டு மில்க், வெண்ணெய், உப்பு மூன்றையும் கிண்ணத்தில் போட்டு, அது இளகி ஓடத் தொடங்கியதும் நறுக்கிய சாக்லேட்டைச் சேர்த்துக் கிளறுங்கள். நாலைந்து நிமிடத்தில் கரைந்துவிடும். இரண்டு மூன்று துண்டு கரையாமல் மிதக்கும்போதே கிண்ணத்தை இறக்கிவிடுங்கள், மிச்சச் சூட்டில் அதுவும் கரையும். நேரடியாக அடுப்பில் வைத்துக் கிளறினால் கண்டென்ஸ்டு மில்க் அடிப்பிடிக்கும், அந்தத் தீய்ந்த வாசத்தைப் பிறகு எதைப் போட்டும் மறைக்க முடியாது.

சாக்லேட்டை மட்டும் தனியாக உருக்குபவர்கள் ஈரக் கரண்டியைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், உள்ளே இருக்கும் சர்க்கரையும் கோகோவும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மொத்தமும் திரிதிரியாகிவிடும். கண்டென்ஸ்டு மில்க்கோடு சேர்த்து உருக்கும்போது ஈரம் ஏற்கெனவே போதுமான அளவு இருப்பதால் அந்தப் பயம் இல்லை. அந்தத் தைரியத்தில் நான் கெட்டியான முதல் டிகாஷன் ஒரு டீஸ்பூன் சேர்ப்பேன். காபி ருசி தெரியாது, சாக்லேட்டின் ருசி ஒரு படி தூக்கிக் காட்டும்.

கிரீம் ஊற்றிச் செய்யும் கனாஷை ஏன் வைக்கவில்லை என்றால், அது அவன் சூட்டில் எண்ணெய் பிரிந்து மாவுக்குள் ஊறிவிடுகிறது. கண்டென்ஸ்டு மில்க்கில் சர்க்கரையும் பாலும் சுண்டி இருப்பதால் அந்தப் பூரணம் சூட்டைத் தாங்கி, ஆறிய பிறகும் கல்லாகாமல் பால்கோவா மாதிரி மெத்தென்று நிற்கும்.

இனி ஆறவிடுங்கள். பதம் பார்ப்பது இப்படி: ஒரு கரண்டி எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் உடனே விழக்கூடாது, தயங்கித் தொங்க வேண்டும். இட்லி மாவைவிடக் கெட்டி, கொழுக்கட்டைப் பூரணத்தைவிடத் தளர்வு. தொட்டால் விரலுக்குச் சூடே தெரியக் கூடாது. மே மாத மதியத்தில் அரை மணி நேரம் ஆகியும் இந்தப் பதம் வரவில்லை என்றால் ஃபிரிட்ஜில் 10 நிமிடம் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

மாவு

வெண்ணெயை உருக்கி, விரல் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் வரை ஆறவிடுங்கள். சூடாக இருந்தால் முட்டை அதிலேயே வெந்து திரிந்துவிடும். இரண்டு சர்க்கரையையும் போட்டு விஸ்க் என்கிற கம்பி மத்தால் ஒரு நிமிடம் அடியுங்கள். முட்டை, மஞ்சள் கரு, வெனிலா சேர்த்து இன்னொரு நிமிடம். இப்போது கையை எடுத்துவிட்டு 10 நிமிடம் அப்படியே வையுங்கள். நாட்டுச் சர்க்கரை நரநரவென்று இருக்கும், ஊறினால்தான் கரையும். மறுபடி அடித்தால் கலவை தேன் மாதிரி பளபளப்பாக, விஸ்க்கிலிருந்து நாடாவாக விழும். வெண்ணெயை உருக்காமல் சர்க்கரையோடு நுரைக்க அடிக்கும் முறையும் உண்டு, அதில் காற்று சேர்ந்து கேக் மாதிரி வந்துவிடும். பாருக்கு மென்று சாப்பிடும் தன்மை வேண்டும், அதனால் உருக்கிய வெண்ணெய்தான் என் தேர்வு. மெஷின் தேவையில்லை, கையே போதும்.

மைதா, சோடா, உப்பு மூன்றையும் சேர்த்துச் சலித்து அதன் மேல் கொட்டுங்கள். இனி விஸ்க் வேண்டாம், மரக்கரண்டியோ ஸ்பாட்டுலாவோ எடுத்து அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வெள்ளை மாவு கண்ணில் படாமல் மறைந்த கணத்தில் நிறுத்திவிடுங்கள். பரோட்டாவுக்கு அடித்துப் பிசைகிறோமே, அதற்கு நேர்மாறு இது. பிசையப் பிசைய மைதாவில் பசை கூடி, பார் ரப்பர் மாதிரி இழுக்கும். கடைசியில் சாக்லேட் துண்டுகளைப் போட்டு இரண்டு புரட்டு.

முட்டை சேர்க்காதவர்கள், முட்டைக்கும் கருவுக்கும் பதிலாகப் புளிக்காத கெட்டித் தயிர் 4 மேசைக்கரண்டி சேர்த்துக்கொள்ளலாம். ருசி நன்றாகவே இருக்கும், கொஞ்சம் கேக் பக்கம் சாயும். மைதாவே வேண்டாம் என்பவர்கள் 100 கிராம் வரை கோதுமை மாவு மாற்றி, ஒரு மேசைக்கரண்டி பால் கூடுதலாக விடலாம். முழுக்கக் கோதுமையில் செய்தால் உதிர்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

பிசைந்த மாவு மொத்தம் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். அதில் 400 கிராமை அடிக்கு எடுத்துத் தட்டில் போட்டு, ஈரக் கையால் சமமாக அழுத்துங்கள். மூலைகளில் மாவு மெலிந்துபோகும், அங்கே இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொடுங்கள். தட்டை ஃபிரிட்ஜில் 15 நிமிடம் வையுங்கள்.

மேல் அடுக்கில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். மிருதுவான பூரணத்தின் மேல் மாவைக் கிள்ளிக் கிள்ளி வைத்துப் பரப்பப் பார்த்தால் பூரணம் மேலே ஏறி வரும், இரண்டும் குழம்பும். அதற்கு நம் வாழை இலை வித்தைதான் வழி. மீதி மாவை இரண்டு தாள்களுக்கு நடுவில் வைத்து, சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டி, தட்டின் அளவுக்கே சதுரமாக்குங்கள். தாளோடு அப்படியே ஃபிரீசரில் 15 நிமிடம். வெளியே எடுக்கும்போது அது பலகை மாதிரி விறைப்பாக இருக்கும்.

இப்போது சேர்ப்பது. குளிர்ந்த அடி மாவின் மேல் பூரணத்தைக் கொட்டிக் கரண்டியின் முதுகால் பரப்புங்கள், சுற்றிலும் ஒரு விரல் அகலம் காலியாக விடுங்கள். பூரணம் தட்டின் ஓரத்தைத் தொட்டால் அந்த இடத்தில் சர்க்கரை காய்ந்து, பல்லை உடைக்கும் மிட்டாய் ஆகிவிடும். விறைத்த மேல் மாவின் ஒரு பக்கத் தாளை உரித்து, அந்தப் பக்கம் கீழே வருமாறு பூரணத்தின் மேல் கவிழ்த்து, மறு தாளையும் உரியுங்கள். ஓரங்களை விரல் நுனியால் அழுத்தி, அடி மாவோடு சேர்த்து மூடிவிடுங்கள். சோமாஸுக்கு ஓரம் மடிக்கிற அக்கறை வேண்டும், ஆனால் அந்த வேலைப்பாடு வேண்டாம். மேலே சில உப்புக் கற்களைத் தூவினால் அருமையாக இருக்கும்.

சுடுவது

அடுப்பு 170 டிகிரியில், மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, 15 நிமிடம் முன்னதாகவே சூடேறியிருக்க வேண்டும். தட்டை நடு அடுக்கில் வையுங்கள். 28 முதல் 32 நிமிடம். 20 நிமிடத்தில் ஒரே ஒரு முறை திறந்து, தட்டை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள், பெரும்பாலான அடுப்புகளில் பின்பக்கம் சூடு அதிகம். மேலே சீக்கிரம் சிவந்துவிட்டால் அலுமினிய ஃபாயிலை லேசாகப் போர்த்துங்கள்.

வெந்ததா என்று பார்ப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. என் அக்கா மகள் முதல் முறை செய்தபோது வீடியோ காலில் கூப்பிட்டாள்.

“சித்தி, 40 நிமிஷம் ஆச்சு. குச்சி குத்திப் பாத்தா இன்னும் ஈரமாத்தான் வருது.”

“எந்த இடத்துல குத்துற?”

“நடுவுல. கேக்குக்குப் பாக்குற மாதிரிதான்.”

“குச்சியில என்ன ஒட்டியிருக்கு, காட்டு.”

குச்சியைக் கேமராவுக்கு நேரே நீட்டினாள். முழுக்கச் சாக்லேட். மாவு அதில் ஒரு துளிகூட இல்லை. கேமராவைத் தட்டின் பக்கம் திருப்பச் சொன்னேன். நாலு ஓரமும் கரும்பழுப்பாகி, தாளை விட்டு ஒரு விரல் உள்ளே சுருங்கியிருந்தது. மாவு 10 நிமிடத்துக்கு முன்பே வெந்துவிட்டது. பூரணம் ஈரமாகத்தான் இருக்கும், எவ்வளவு நேரம் வைத்தாலும் குச்சி அப்படித்தான் வரும்.

ஆகவே குச்சியை விட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள். ஓரம் பொன்னிறமாகி, தட்டிலிருந்து நூலளவு விலகத் தொடங்கியிருக்க வேண்டும். மேல்பரப்பில் ஈரப் பளபளப்பு போய்ச் சொரசொரப்பு வந்திருக்க வேண்டும். நடுப்பகுதி வெளிறி, தட்டை அசைத்தால் லேசாக மெத்தென்று ஆட வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் வைக்கலாமா என்று தோன்றும், அந்த நேரத்தில் எடுத்துவிடுங்கள். தட்டின் சூட்டிலேயே அது மேற்கொண்டு வெந்துகொள்ளும்.

அவன் இல்லாதவர்கள் பாதி அளவு மாவில், 6 அங்குல வட்டத் தட்டில், கனமான பழைய பாத்திரத்துக்குள் உப்புப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மூடி போட்டுச் சின்னத் தீயில் 40 நிமிடம் போலச் சுடலாம். மேலே நிறம் வராது, மற்றபடி சாப்பிட நன்றாக இருக்கும். குக்கரில் செய்வதானால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும்.

ஆறவிட்டு வில்லை போடுவது

வீடு முழுக்க வெண்ணெய் வாசம் அடிக்கும்போது காத்திருப்பது கஷ்டம்தான், அதிலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில். ஆனால் சூட்டோடு வெட்டினால் பூரணம் வழிந்து ஓடிவிடும், துண்டு நிற்காது. தட்டிலேயே இரண்டு மணி நேரம், பிறகு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம். அப்புறம் தாளின் காதுகளைப் பிடித்துத் தூக்கிப் பலகையில் வையுங்கள். பெரிய கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கி, துணியால் துடைத்துவிட்டு, அறுக்காமல் மேலிருந்து ஒரே அழுத்தாக இறக்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி முக்கித் துடைக்க வேண்டும். நாலுக்கு நாலு என்று போட்டால் இரண்டங்குலச் சதுரமாக 16 வரும். வெட்டின பக்கத்தைப் பார்த்தால் பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று மூன்று கோடும் பிரிந்து தெரிய வேண்டும். கறுப்புக் கோடு அடி மாவுக்குள் இறங்கியிருந்தால் பூரணம் சூடாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். மேல் மாவில் பிளவு விழுந்திருந்தால் பூரணம் அளவுக்கு மீறி இறுகிவிட்டது. அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்று அந்தக் கோடே சொல்லிவிடும்.

காற்றுப் புகாத டப்பாவில் வெளியே மூன்று நாள், ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரை இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் இறுகியிருக்கும், அரை மணி நேரம் வெளியே வைத்தால் இளகும், அவசரம் என்றால் மைக்ரோவேவில் 10 நொடி. வெளியே வைக்கும் டப்பாவை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வையுங்கள், நாட்டுச் சர்க்கரை வாசத்துக்கு எறும்பு எங்கிருந்தாவது வந்துவிடும். விடுதியில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் முந்தின நாளே ஒவ்வொரு வில்லையையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி, ஃபிரீசரில் வைத்து, பஸ் ஏறும் நேரத்தில் எடுத்து டப்பாவில் இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள். ராத்திரி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் காலையில் அங்கே போய்ச் சேரும்போது சாப்பிடும் பதத்துக்கு வந்திருக்கும்.